ஆடி வெள்ளியும் குடல் சுவரும்

வடாற்காட்டு மருத்துவ வரலாறு – 22

ஆடி வெள்ளியன்று படவேட்டில் ரேணுகாம்பாள் சந்நிதிக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று யாராவது கேட்டால், மேடான இடத்தில் ஏறி நின்று தலைகளை எண்ணிச் சொல்லிவிடலாம். சிரமம்தான், ஆனால் முடியாத காரியமில்லை. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேர் கோயிலுக்குள் நுழைகிறார்கள் என்று கேட்டால் அந்த எண்ணிக்கை உதவாது. பிராகாரத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வரிசை நகராமல் விடியற்காலையிலிருந்து அதே ஆயிரம் பேர் நின்றுகொண்டிருக்கலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டம் முழுவதும் மாறிக்கொண்டும் இருக்கலாம். மேட்டில் நின்று ஒரே ஒரு முறை பார்த்தவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

படவேட்டிலிருந்து சந்தவாசல், கண்ணமங்கலம் வழியாகப் பேருந்து பிடித்தால் வேலூர். அங்கே கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் மருத்துவர்களை மடக்கி வைத்திருந்த கேள்வியும் இதே வகைதான். அவர்கள் எண்ண வேண்டியிருந்தது மனிதக் குடலின் உட்சுவரில் பிறக்கும் செல்களை.

சென்ற அத்தியாயத்தில் 1900-ல் ஐடா ஸ்கட்டர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருந்தகம் பெரிய மருத்துவமனையாக வளர்ந்த கதையைப் பார்த்தோம். இந்த அத்தியாயம் ஒரு நோயிலிருந்து தொடங்குகிறது.

1960-க்கும் 1962-க்கும் இடையில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் ஒரு பேதி பரவியது. காலராவைப் போல ஒரே நாளில் ஆளைக் கொண்டுபோகும் பேதி அன்று. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடித்தது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. நாக்கு புண்ணாகிச் சிவந்துபோகும். உடம்பு இளைத்து, இரத்தம் சுண்டி, கால் வீங்கும். நம் சித்த வைத்தியர்கள் கிராணி என்று சொல்லிவந்த நோய்க் கூட்டத்தோடு இதன் குறிகள் பெரிதும் ஒத்துப்போகின்றன. ஆங்கில மருத்துவத்தில் இதன் பெயர் டிராபிக்கல் ஸ்ப்ரூ. இரண்டாம் உலகப் போரில் இந்தியாவிலும் பர்மா முனையிலும் இருந்த படைவீரர்களை வாட்டிய நோய் என்பதால் வெள்ளைக்கார மருத்துவர்களுக்கு அது பழகிய பெயர். ஊர் ஊராகக் கொள்ளைநோய் போலப் பரவும் என்பதை உலகம் விரிவாக அறிந்தது வேலூரிலிருந்துதான். அங்கிருந்த மருத்துவர்கள் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் கிராமங்களுக்கே போய், வீடு வீடாக விசாரித்து, 1968-ல் அதை விவரமாக எழுதினார்கள். அந்த ஆண்டுகளில் குறைந்தது 30,000 பேர் இறந்திருப்பார்கள் என்பது பிற்காலக் கணிப்பு.

முப்பதாயிரம். நம் பாடப்புத்தகங்களில் இதற்கு ஒரு வரி கிடையாது. 1989-ல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தபோது, படவேட்டைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சம்புவராயர்களின் பெயரைப் புதிய திருவண்ணாமலை மாவட்டத்துக்குச் சூட்டினோம். அதற்கு முன்பு எழுதிய மருத்துவக் கட்டுரைகளில் வட ஆற்காடு என்று வரும் இடமெல்லாம் ஜவ்வாது மலையடிவாரம் வரையிலான பழைய மாவட்டத்தையே குறிக்கிறது. அறுநூறு ஆண்டுக்கு முந்தைய அரசர்களை மறக்காத நாம், அறுபது ஆண்டுக்கு முந்தைய சாவுகளை மறந்துவிட்டோம்.

நோயாளியின் குடலுக்குள் என்ன நடக்கிறது என்று உயிரோடு இருக்கும்போதே பார்க்கும் வழி 1957-ல்தான் எளிதாயிற்று. வில்லியம் கிராஸ்பி என்ற அமெரிக்க மருத்துவர், மெல்லிய குழாயின் நுனியில் கட்டிய சிறு உலோகக் கூடு ஒன்றைச் செய்தார். நோயாளி அதை விழுங்க வேண்டும். கூடு சிறுகுடலுக்கு இறங்கிவிட்டதா என்று எக்ஸ்ரேயில் பார்த்து, குழாயின் மேல் முனையில் காற்றை உறிஞ்சினால், கூட்டின் துளைக்குள் இழுபட்ட குடல்தோலை உள்ளேயிருக்கும் சிறு கத்தி வெட்டி எடுத்துக்கொள்ளும். அரிசிமணி அளவுகூட இருக்காது அந்தத் துண்டு. குழாய் தொண்டையில் இருக்க, மணிக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். வேலூரில் ஸ்ப்ரூ நோயாளிகள் மட்டுமின்றி, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நோயில்லாதவர்களும் இதற்கு உடன்பட்டார்கள்.

நல்ல குடலின் உட்சுவர் பூத்துவாலை போல இருக்கும். பூத்துவாலையின் நூல் சுருள்களைப் போல இலட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள் விரல் விரலாக எழுந்து நிற்கும். உணவின் சத்தை இழுத்துக்கொள்பவை இவைதான். ஸ்ப்ரூ நோயாளிகளின் குடலில் இந்த விரல்கள் குட்டையாகி, தடித்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அதைவிட வியப்பானது, நோயே இல்லாத நம் ஊர்க்காரர்களின் குடலிலும் உறிஞ்சிகள் மேலைநாட்டவருடையதைப் போல விரல் வடிவில் இல்லாமல் இலை வடிவில் அகன்று, குட்டையாக இருந்தன. பிறவியிலேயே நம் குடல் இப்படித்தானா? 1969-ல் சாக்கோ, பேக்கர், மாத்தன் முதலியோர் இறந்த உடல்களின் குடலைப் பார்த்து எழுதிய கட்டுரை அதற்கு விடை சொன்னது. கருவிலும் பிறந்த புதிதிலும் நம் குழந்தைகளின் உறிஞ்சிகளும் விரல்போலவே இருக்கின்றன. மாற்றம் பிறப்புக்குப் பிறகு, வாழும் இடத்தில் வருகிறது. நம் இரத்தத்தில் குறையில்லை என்று நுண்ணோக்கி வழியே சொன்ன அந்தக் கட்டுரையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இங்கேதான் ஆடி வெள்ளிக் கேள்வி வருகிறது. உறிஞ்சிகளின் அடியில் சிறு சிறு குழிகள் உண்டு. செல்கள் பிறப்பது அந்தக் குழிகளில். பிறந்தவை ஒன்றன்பின் ஒன்றாக உறிஞ்சியின் சரிவில் மேலேறி, உச்சிக்குப் போய் உதிர்ந்துவிடும். இந்தப் பயணம் முழுவதற்கும் மூன்று முதல் ஐந்து நாள்தான். போன வாரம் நாம் சாப்பிட்ட சோற்றை உறிஞ்சிய செல்களில் பெரும்பாலானவை இன்று நம் உடம்பில் இல்லை. அப்படியானால் குடல் சுவர் தட்டையாவதற்கு இரண்டு காரணங்கள் இருக்க முடியும். குழியில் பிறப்பு குறைந்திருக்கலாம். அல்லது பிறப்பு வழக்கம்போலவோ வழக்கத்தைவிட அதிகமாகவோ நடந்தும், அதைவிட வேகமாக உச்சியில் உதிர்வு நடக்கலாம். வைத்தியம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க முடியாது. கண்ணாடித் தகட்டில் சாயமேற்றி வைத்த செத்த துண்டு எது உண்மை என்று சொல்லாது. அது மேட்டில் நின்று ஒருமுறை பார்த்த பார்வை. ஆய்வுக்கூடத்துக்குள் கடிகாரத்தைக் கொண்டுவர வேண்டும்.

முதலில் கொண்டுவந்தவர்களில் மாண்ட்ரியால் நகரத்து சார்ல்ஸ் லெப்லாண்ட் முக்கியமானவர். 1948-ல் அவரும் கேத்தரின் ஸ்டீவன்ஸும் வெள்ளெலியின் குடலில், பிரிந்துகொண்டிருக்கும் நிலையில் உள்ள செல்களை எண்ணினார்கள். பிரியும் செல்லை அடையாளம் காண்பது எளிது. குரோமோசோம்கள் திரண்டு கறுத்துத் தெரியும். நூற்றுக்கு எத்தனை செல் அப்படி இருக்கிறது, ஒரு பிரிவு முடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்ற இரண்டையும் வைத்து, எலியின் குடல்தோல் ஏறக்குறைய ஒன்றரை நாளில் முழுவதும் புதிதாகிறது என்று கணக்கிட்டார்கள். ஆனால் இந்த முறையில் ஒரு வழுக்கல் உண்டு. நோயினால் பிரிவே மெதுவாக நடந்தால், எந்த நேரத்தில் பார்த்தாலும் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் அதிகமாகத் தெரியும். பிறப்பு கூடியதாக ஏமாந்துவிடுவோம்.

இந்த வழுக்கலைத் தீர்த்த பொருள் நம் வேலியோரத்துச் செடியில் இருக்கிறது. கார்த்திகையில் தீநாக்கு போல மலரும் செங்காந்தளை எல்லோரும் அறிவோம், நம் மாநில மலர். அதன் கிழங்கைக் கண்வலிக்கிழங்கு என்போம். தின்றால் உயிர் போகும். கிழங்கிலும் விதையிலும் கோல்கிசின் என்ற நஞ்சு உண்டு. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே இதைப் பயிரிட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். ஐரோப்பாவில் இதே நஞ்சு கோல்கிகம் என்ற செடியிலிருந்து வந்தது, பெயரும் அதனால்தான். இது செல்லுக்குள் போனால், குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் நுண்ணிழைகள் உருவாகாது. பிரியத் தொடங்கிய செல் நடுவழியில் அப்படியே நின்றுவிடும். பிரஸ்ஸல்ஸ் நகரத்து ஆல்பர்ட் தஸ்தேனும் அவர் மாணவர்களும் 1930-களில் இதைத் தெளிவாக்கினார்கள்.

கோயில் வாசலில் கயிறு கட்டியது போலத்தான். கயிறு கட்டிய பிறகு வருகிறவர்கள் எல்லோரும் அங்கேயே தேங்குவார்கள். அரை மணிக்கு ஒருமுறை போய்த் தேங்கியவர்களை எண்ணி, தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால், அந்தக் கோட்டின் ஏற்றமே ஒரு மணி நேரத்துக்கு வரும் கூட்டம். குடலிலும் அதேதான். ஒரு குழிக்கு, ஒரு மணிக்கு இத்தனை செல் என்று சொல்ல முடிந்தது. பின்னால் கோல்கிசினுக்குப் பதில் வின்கிரிஸ்டினைப் பலர் பயன்படுத்தினார்கள். அது கிடைப்பது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கும் அதே செடி.

இரண்டாவது கடிகாரம் 1957-ல் வந்தது. ஹெர்பர்ட் டெய்லர், பிலிப் உட்ஸ், வால்டர் ஹியூஸ் மூவரும் தைமிடின் என்ற பொருளில் ஹைட்ரஜனுக்குப் பதில் கதிரியக்கமுள்ள டிரிட்டியத்தை வைத்து, அவரைக் குடும்பச் செடி ஒன்றின் வேருக்கு ஊட்டினார்கள். தைமிடினை உடம்பு ஒரே ஒரு வேலைக்குத்தான் எடுத்துக்கொள்கிறது. பிரிவதற்கு முன் செல் தன் டி.என்.ஏ-வை இரண்டாக்கும்போது தைமிடின் அதில் போய் உட்காரும். அந்த நேரத்தில் டி.என்.ஏ. செய்துகொண்டிருந்த செல்லுக்கு மட்டும் அடையாளம் விழும். காலை பத்து மணிக்கு வாசலைத் தாண்டிய எல்லோருக்கும் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டு, பிறகு அந்தக் குங்கும நெற்றிகள் எங்கே போய்ச் சேருகின்றன என்று தேடுவதைப் போன்றது இது.

தேடும் முறை பொறுமையைச் சோதிப்பது. இருட்டறையில், குடல்துண்டின் மெல்லிய சீவலை ஒட்டிய கண்ணாடித் தகட்டைப் புகைப்படக் குழம்பில் முக்கி எடுக்க வேண்டும். ஒளி புகாத பெட்டியில் குளிர வைத்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். டிரிட்டியத்தின் கதிர் மிகமிக வலுவற்றது. அது குழம்பில் சற்றுத் தொலைவுதான் போகும். அதனாலேயே கதிர்விட்ட செல்லின் நடுவே, அதன் உட்கருவுக்கு நேர் மேலே, கறுப்பு வெள்ளித் துகள்கள் விழும். பிறகு படம் கழுவுவதைப் போலக் கழுவி, நுண்ணோக்கியில் ஒவ்வொரு செல்லாக எண்ண வேண்டும். இப்படிப் பார்த்தபோதுதான் அடையாளமிட்ட செல்கள் முதலில் குழியிலும், அடுத்த நாள் சரிவிலும், பிறகு உச்சியிலும் இருப்பதைக் கண்ணால் காண முடிந்தது.

மனிதருக்கு இதைச் செய்வது எப்படி? கதிரியக்கப் பொருளை ஒருவரின் டி.என்.ஏ-வில் பதிப்பது விளையாட்டில்லை. 1960-களில் அமெரிக்காவில், வாழ்நாள் முடியும் தறுவாயில் இருந்த சில நோயாளிகளுக்கு ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். அதைப் படிக்கும்போது மனம் சங்கடப்படுகிறது. நல்ல வழி 1969-ல் திறந்தது. பிரவுனிங்கும் டிரையரும் மனிதக் குடலிலிருந்து எடுத்த துண்டை, ஆக்சிஜனும் சத்துநீரும் கொடுத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு நாள் வரை உயிரோடு வைத்துக் காட்டினார்கள். தைமிடினையோ கோல்கிசினையோ இனி ஆளுக்குள் செலுத்த வேண்டியதில்லை. கிண்ணத்தில் ஊற்றினால் போதும்.

தைமிடினுக்கும் ஸ்ப்ரூவுக்கும் இன்னொரு உறவு உண்டு. உடம்பு தைமிடினைத் தானே செய்துகொள்ள ஃபோலேட் என்ற வைட்டமின் வேண்டும், ஃபோலேட் வேலை செய்ய வைட்டமின் பி12 வேண்டும். ஸ்ப்ரூவில் குடல் இந்த இரண்டையும் உறிஞ்ச முடியாமல் தவிக்கிறது. விளைவு, எலும்பு மஜ்ஜையில் இரத்தச் செல்கள் வளர்ந்து பெருத்தும் பிரிய முடியாமல் திணறுகின்றன. சத்து கிடைக்காத குடலும் தன் சுவரைப் புதுப்பிக்க அதே பொருளுக்காக ஏங்குகிறது. நோய் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் சுழல் இது. பி12 பற்றி வேலூருக்கு ஆழ்ந்த அனுபவம் உண்டு. தாய்ப்பால் மட்டுமே குடித்து வளர்ந்த சில குழந்தைகள் சோர்ந்து, நடுக்கம் கண்டு, கற்ற அசைவுகளை மறந்துபோவது பி12 குறைவால்தான் என்று 1962-ல் ஜாதவும் பேக்கரும் உடன் பணிபுரிந்தவர்களும் எழுதினார்கள். தாயின் உடம்பிலேயே அந்தச் சத்து இல்லை, பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?

இத்தனைக்கும் பிறகு, 1986-ல், மினி மாத்தன், பொன்னையா, வி. ஐ. மாத்தன் மூவரும் ஸ்ப்ரூவில் குடல்தோலின் செல் புதுப்பிப்பையும் சுழற்சியையும், அவை சுவரின் உருமாற்றத்தோடு கொள்ளும் தொடர்பையும் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். தலைப்பைக் கவனியுங்கள். உருவம் மாறியிருக்கிறது என்பதோடு நிற்காமல், எந்த வேகத்தில் பிறந்து எந்த வேகத்தில் போகிறது என்று கேட்கிறது. ஒரு மாவட்டத்துக் கிராமங்களின் பேதி, கால் நூற்றாண்டுக்குப் பிறகு, ஒரு குழிக்குள் எத்தனை செல் பிறக்கிறது என்ற கேள்வியாக வந்து நிற்கிறது. நம் ஊர் மருத்துவ வரலாற்றில் இதைவிடப் பொறுமையான ஒரு தொடர்ச்சியை நான் படித்ததில்லை.

அதற்குள் உலகம் வேறு முறைகளுக்கு நகரத் தொடங்கிவிட்டது. 1982-ல் கிராட்ஸ்னர், தைமிடினின் இடத்தில் போய் உட்காரும் பி.ஆர்.டி.யு. என்ற பொருளை அடையாளம் காட்டும் எதிர்ப்பொருளைத் தந்தார். கதிரியக்கமும் இருட்டறையும் தேவையில்லாமல் போயின. 1983-ல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் யோகன்னஸ் கெர்டஸும் குழுவினரும் கண்டதுதான் கி-67 என்ற எதிர்ப்பொருள். கீல் நகரின் முதல் இரண்டு எழுத்தும், தட்டில் அந்த எதிர்ப்பொருள் வளர்ந்த குழியின் எண்ணும் சேர்ந்த பெயர். பிரிவுச் சுழற்சியில் இருக்கும் செல்லில் மட்டும் தெரியும் புரதத்தை அது காட்டுகிறது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களின் பயாப்சி அறிக்கையில் கி-67 என்று எழுதி, பக்கத்தில் ஒரு சதவீதம் போட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். எண்ணிய செல்களில் நூற்றுக்கு இத்தனை பிரிவுச் சுழற்சியில் இருக்கின்றன என்பதே அதன் பொருள். எவ்வளவு வேகத்தில் சுற்றுகின்றன என்று அந்த எண் சொல்வதில்லை. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் பயப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

அதே 1983-ல் டிம் மாஸ்மன் தந்த எம்.டி.டி. முறைதான் இன்று நம் கல்லூரிகளில் அதிகம் புழங்குவது. 96 குழிகள் கொண்ட தட்டில் செல்களை வளர்த்து, மஞ்சள் சாயத்தை ஊற்றுவார்கள். உயிருள்ள செல்லின் நொதிகள் அதை ஊதாவாக்கும். ஊதாவின் அடர்த்தியைக் கருவி படித்துச் சொல்லும். மலிவானது, வேகமானது, நல்ல முறை. ஆனால் அது எண்ணுவது ஆள்களை இல்லை, அன்னதானத்தில் தீர்ந்த சோற்றை. சோறு குறைவாகச் செலவானால் வந்தவர்கள் குறைவு என்று சொல்லலாம். வந்தவர்களுக்குப் பசியில்லை என்றும் சொல்லலாம். சில மூலிகைச் சாறுகள் செல்லின் உதவியே இல்லாமல் அந்தச் சாயத்தை ஊதாவாக்கிவிடும், அதனால் கணக்கு தலைகீழாகிவிடும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஜவ்வாது மலையிலிருந்து எடுத்த மூலிகை புற்றுநோயைக் கொல்கிறது என்ற வகைச் செய்திகளை நாளிதழ்களில் அடிக்கடிப் பார்க்கிறோம். பல செய்திகளின் அடியில் இருப்பது ஒரு தட்டில் குறைந்த ஊதா நிறம் மட்டுமே. நல்ல செல்லையும் அதே சாறு கொன்றதா, செல் செத்ததா அல்லது பிரியாமல் சும்மா இருந்ததா, தைமிடினோ கி-67-ஓ வைத்துச் சரிபார்த்தார்களா என்று கேட்காமல் அதை மருந்து என்று எழுதுவது தவறு. அதை நம்பிச் சிகிச்சையை நிறுத்துகிறவர்கள் நம் வீட்டு மனிதர்கள்.

பழைய முறையும் சாகவில்லை. கட்டம் கட்டமாகக் கோடு கிழித்த நியூபார் கண்ணாடித் தகடு இன்றும் எல்லா ஆய்வுக்கூடத்திலும் இருக்கிறது. ஒரு சதுர மில்லிமீட்டர் கட்டத்துக்கு மேல் பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு நீர் நிற்கும். கட்டத்தில் சராசரியாக எத்தனை செல் என்று எண்ணிப் பத்தாயிரத்தால் பெருக்கினால் ஒரு மில்லிலிட்டரில் உள்ள செல்கள். இன்று எண்ணி, நாளை எண்ணி, மறுநாளும் எண்ணினால் பெருக்கம் தெரிந்துவிடும். பதினைந்து இலட்ச ரூபாய்க் கருவி தரும் எண்ணைச் சந்தேகிக்கும்போது அனுபவசாலிகள் கையில் எடுப்பது இந்தத் தகட்டைத்தான்.

இந்த அத்தியாயத்துக்காகப் படித்தபோது கட்டுரைகளில் மருத்துவர்களின் பெயர்கள் கிடைத்தன. உலோகக் கூட்டை விழுங்கிவிட்டு, தொண்டையில் குழாயோடு மணிக்கணக்கில் படுத்திருந்த கிராமத்து மனிதர்களின் பெயர்கள் எதிலும் இல்லை. ஆய்வில் பெயரை மறைப்பது முறைதான். ஆனால் ஊர் நினைவிலிருந்தும் அவர்கள் மறையக் கூடாது. 1960, 61, 62-ல் பேதி வந்து ஒரே தெருவில் பலர் போனதைச் சொல்லும் பெரியவர்கள் போளூர், ஆரணி, குடியாத்தம், வாலாஜா, வேலூர் பக்கத்தில் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களிடம் கேளுங்கள். எந்த ஊர், எந்த மாதம், எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள், யார் வந்து பார்த்தார்கள், வேலூருக்கு யார் போனார்கள், திரும்பி வந்து என்ன சொன்னார்கள் என்று அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். அன்று இருபது வயதில் இருந்தவர்களுக்கு இன்று எண்பதைத் தாண்டிவிட்டது.